எதிர்வீட்டுக்காரிக்கு ஏற்ற கியர்

தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு பின்சக்கரத்தின் நடுவே ஹப்புக்குள் அடைத்த கியர்தான் நல்லது. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மழையோ மணலோ உள்ளே போகாது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். போலீஸ்காரர்கள் நீங்கள் எதிர்வீட்டு விளக்கைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தெரியும். ஆனால் சைக்கிளில் ஆரம்பித்தால்தான் விளக்குக்கு வந்து சேர முடியும். காபி எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்கட் ஆளுக்கு ஒன்றுதான், டப்பாவை மூடிவிட்டேன்.

என் கணவர் இதே லைடன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் போன பிறகும் தெருவில் யாருக்குச் சைக்கிள் சந்தேகம் வந்தாலும் டினியைக் கேள் என்பார்கள். மற்ற சந்தேகங்களுக்கும்தான். யார் வீட்டில் யார் வந்து தங்கினார்கள், எந்தத் தம்பதி பேசாமல் சாப்பிடுகிறது, எல்லாம் என்னிடம் இருக்கும். நான் தேடிப் போவதில்லை. டச்சுக்காரர்களில் ஜன்னலுக்குத் திரை போடுகிறவர் யார்? விளக்கைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் வாழ்கிறார்கள். எனக்குக் கண் இருக்கிறது, தெரிகிறது.

எதிர்வீட்டு டீச்சர் மாரிட் மட்டும் போன வசந்தத்தில் திரை மாட்டினாள். பச்சைத் திரை, தரை வரைக்கும். அவள் சூப் குடிப்பதையும், பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவதையும் பார்த்தபடியே பல வருஷம் என் சாயங்காலங்கள் கழிந்திருந்தன. மாட்டி முடித்ததும் வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

"டினி, என் சீரியல் இன்னியோட முடிஞ்சுது. இனிமே டிவியில ஏதாவது பாத்துக்குங்க."

பக்கத்து வீட்டு கெர்ரிட் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இலையுதிர் காலத்தில் அவள் சைக்கிளின் ஹப் கியர் வழுக்க ஆரம்பித்தது. என்னிடம்தான் வந்தாள்.

"திரும்ப ஹப் கியரே வாங்கட்டுமா, இல்ல செயின் தாவுற வெளிக்கியரா? ஸ்கூலுக்குப் போக எது தோது?"

"வெளிக்கியரே வாங்கு. எடை கம்மி. பாலம் ஏறுறப்ப உனக்கு மூச்சு வாங்குது, நான் பாக்குறேனே."

"நீங்க எதைத்தான் பாக்கல. செயின் துருப்பிடிக்காதா?"

"ஞாயித்துக்கெழமை தொடச்சு எண்ணெய் விட்டாப் போச்சு."

இதில் ஒரு பொய்கூட இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். அவளுடைய பழைய சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். வெளிக்கியரில் பின்னால் மிதித்தால் பெடல் சும்மா சுற்றும். நிறுத்தக் கை வேண்டும். கடைக்காரன் சொல்லியிருப்பான். அவளுக்கும் தெரியும். ஆனால் இங்கே பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே காலால் பிரேக் பிடிக்கப் பழகியவர்கள். காலுக்கு யார் போய்ச் சொல்வது?

வெயில் நாட்களில் இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்துக் கால்வாய்ப் பாலத்தில் ஒழுங்காக இறங்கினாள். அக்கரையில் இறக்கம் முடிகிற இடத்தில் கால்வாய்க் கரை; கைப்பிடிச் சுவர் கிடையாது, சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பியதும் என்னைப் பார்த்துக் கையாட்டுவாள். நான் மழைக்குக் காத்திருந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் மழைக்கு யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அன்று காலை மழைக்கோட்டின் ஜிப் சிக்கிக்கொள்ள, அவள் வாசலில் தடுமாறிக்கொண்டிருந்தாள். தெருவைக் கடந்து என் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்தா, ஒரு கையில பிடிச்சுக்கோ. எப்பவும் குடை பிடிச்சுட்டுப் போறதுதானே."

"நீங்க நல்லவங்க டினி. திரை விஷயத்துல கோவம் இல்லையே?"

"எந்தத் திரை?" என்றேன்.

மாடி ஜன்னலிலிருந்து அக்கரை இறக்கம் நன்றாகத் தெரியும். இடது கையில் குடை. வலது கைக்கு எட்டும்படி பிரேக் இருக்கத்தான் செய்தது, கால் முந்திக்கொண்டது. பின்னால் மிதித்தாள், மறுபடியும் மிதித்தாள். பெடல் சுற்றியது. கரைக்குக் கீழே கட்டியிருந்த படகின் விளிம்பில் தலை பட்டது. பிறகு தண்ணீர். குடை கவிழ்ந்து மிதந்தது. நல்ல குடை அது.

காபி ஊற்றி வைத்திருந்தேன். ஆறிப்போனால் எனக்குப் பிடிக்காது. குடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன். அவள் கை கொஞ்ச நேரம் படகின் கயிற்றைப் பிடித்திருந்தது; அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

அவள் அக்கா எல்ஸ் வந்து வீட்டைக் காலி செய்யத் தொடங்கினாள். முதலில் கழற்றியது திரையை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திரை இல்லை, சரி. ஆனால் விளக்குப் போட ஆள் இல்லையே; இருட்டில் என்ன தெரியும்? அதனால்தான் சாயங்காலமானால் நானே போய் விளக்கைப் போட்டு, மேசையில் ஒரு சூப் கிண்ணத்தை வைத்துவிட்டு, இங்கே வந்து உட்காருகிறேன்.

மற்றபடி, அடுத்த வீட்டு விஷயத்தில் நான் தலையிடுவதே இல்லை.