அஞ்சலை போன வழி

நல்ல வேளை, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தீர்கள் ஐயா. எனக்கு வியர்த்தால் பேச்சு வராது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பச்சையப்பனுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம். எங்கள் ஏரிக்காவல்காரன் அவன். ஏரியின் உபரித் தண்ணீரை ஓடையில் விடுகிற கலங்கல் ஷட்டரை அவன்தான் திறந்தான், அதில்தான் இரண்டு பேர் செத்தார்கள் என்று பிடித்து வந்திருக்கிறீர்கள். கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அதனால்தான் நானே கிளம்பி வந்தேன்.

எங்கள் ஏரியில் இந்தத் தணிகாசலம் சொல்லாமல் சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது. பாசன சங்கத் தலைவர் என்று இப்போது போர்டில் எழுதுகிறார்கள். போர்டு இல்லாத என் தாத்தா காலத்திலும் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. பச்சையப்பன் சுயபுத்தியில் ஷட்டரைத் திறந்தான் என்று எழுதினால் ஊர் என்ன நினைக்கும்? அவனுக்கு அந்தத் துணிச்சல் ஏது? அவன் என் எதிரில் பீடிகூடப் பற்றவைக்க மாட்டான்.

அந்த இரண்டு பேருக்கும் முன்பே செத்துப்போன அஞ்சலையைப் பற்றி உங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்து அவள் எங்கள் மாட்டுக்கொட்டகையில் வேலை செய்தாள். மாடு ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் டாக்டர் வருவதற்குள் கையை விட்டுத் திருப்பி, பக்குவமாக இழுத்துவிடுவாள். அந்தக் கை வேறு யாருக்கும் வராது. ஆனால் அந்த மாட்டை அவள் ஒரு நாளும் கறந்ததில்லை. கறக்கிற பால் வீட்டுக்குள் வரும் அல்லவா. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அப்படி ஒரு நிம்மதி இருந்தது ஐயா எங்களுக்குள். அவள் போய்விட்டாள் என்று கேட்டபோது என் கண் கலங்கியது. பெரிய ரோஜா மாலையாகப் பார்த்து வாங்கிப் பச்சையப்பனிடம் கொடுத்தனுப்பினேன்.

மாலை திரும்பி வந்தது. அவள் மகன் மதியழகன் வாங்கவில்லை. வந்தவாசிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் அவன். மாலையைக் கொண்டுவந்தவன் பின்னாலேயே அவனும் வந்தான். கூட அவன் தங்கை புருஷன் ஜெயராமன்.

வழி கேட்டு வந்தார்கள். காலனிக்காரர்களின் சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். மழையில்லாத நாளில் ஓடையில் இறங்கி ஏறிவிடுவார்கள். தண்ணீர் ஓடினால் இடுப்பளவில் நனைந்துகொண்டு தூக்கிப் போவார்கள். ஊர்த்தெரு வழியாகப் போனால் பாலம் இருக்கிறது, பாலத்தைத் தாண்டி என் வயலோரம் வண்டிப்பாதை இருக்கிறது. ஆனால் அந்த வழியாகக் காலனிப் பிணம் போனதே இல்லை.

"அம்மா உங்க கொட்டாயிலதான் சார் தேஞ்சி போச்சி," என்றான். "ஓடையில தண்ணி ஏறுது. தெரு வழியா எடுத்துக்கினு போயிடுறோம். நடுவுல எங்கயும் நிக்க மாட்டோம், மேளம்கூட வேணாம்."

"வடியட்டும்டா. ரெண்டு நாளு ஐஸ்பெட்டில வச்சா உங்கம்மா என்ன எழுந்தா ஓடிடப் போறா?"

"டா போட்டுப் பேசாதீங்க. அது பஞ்சாயத்துத் தெரு. உங்களக் கேக்கணும்னு அவசியமே இல்ல. ஒரு மரியாதைக்கு வந்தேன்."

"அப்ப மரியாதையாவே திரும்பிப் போ."

ஜெயராமன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வா மச்சான். இந்தாளுகிட்ட போயி பேசிக்கினு."

இந்தாள். என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. நான் குரலை உயர்த்தவில்லை. என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், அவளிடம் காப்பி கேட்டேன். அன்றைக்கு எனக்குள் எரிந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை ஐயா.

மறுநாள் காலையில் பாடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தே விட்டார்கள். எங்கள் ஆட்கள் குறுக்கே நின்றார்கள். உங்கள் ஆட்களும் வந்திருந்தார்கள். எங்கள் வீட்டில்தான் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கலவரம் வேண்டாம், ஓடை வழியாகவே போய்விடுங்கள் என்று அவர்களிடம் சொன்னார்கள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது. அவர்கள் ஓடைப் பக்கம் திரும்பினார்கள்.

அங்கேயே நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் மதியழகன் போகும்போது திரும்பி என்னைப் பார்த்தான். தோளில் தாயின் பாடை, கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "கோர்ட்டுக்குப் போவேன். அடுத்த பொணம் இந்தத் தெருவுலதான் போவும்," என்றான். ஊர் முழுக்கக் கேட்டது. அவன் செய்யக்கூடியவன் ஐயா. படித்தவன்.

நான் கலங்கலுக்குப் போனேன். ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. "வூட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சிட்டு வாடா," என்று பச்சையப்பனை அனுப்பினேன். கரைமேல் நின்று பார்த்தால் ஓடைத்துறை நன்றாகத் தெரியும். அவர்கள் நடு ஓடைக்கு வரும்வரை நின்றேன். அப்புறம் மூன்று ஷட்டரையும் திருகினேன். துரு ஏறியிருந்தது, இந்த வயதில் ஒரே ஆளாகத் திருகுவது லேசில்லை.

கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. நனைந்து, பயந்து, பாடையைப் போட்டுவிட்டு ஓடட்டும், அந்த வாய் அடங்கட்டும் என்று நினைத்தேன். காலனிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூக்கிய பாடையைச் சுடுகாட்டு எல்லை வரும்வரை கீழே இறக்க மாட்டார்கள், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவும் மாட்டார்கள். இறக்கினால் அந்த வீட்டில் அடுத்த சாவு விழும் என்று நம்புகிறார்கள். அந்த வழக்கம் எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அவர்கள் விட மாட்டார்கள் என்றும் தெரியும்.

தண்ணீர் வந்து அடித்ததும் முன்னால் தூக்கியவர்கள் இரண்டு பேர் கால் வழுக்கி விழுந்தார்கள். விழுந்ததில் பிடி விட்டுப்போனதால் கரையேறினார்கள். பின்னால் தூக்கிய மதியழகனும் ஜெயராமனும் மூங்கிலை விடவில்லை, பாடையோடு போனார்கள். ஜெயராமன் அப்போதே தெரியாமல் போய்விட்டான். அவனுக்கு நீச்சல் வராதாம், அதை நான் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

நான் கரையிலிருந்து இறங்கி என் வயல்மேட்டுக்கு நடந்தேன். ஓடை அங்கே வளைந்து என் வரப்பை ஒட்டி வரும். மதியழகன் அங்கே ஒரு புங்கமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மறு கையில் பாடை மூங்கில். அஞ்சலை முகத்தின்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"வுட்டுட்டு ஏறுடா," என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன்.

"அம்மா பூடும் சார். ஒரு கை குடுங்க. ஒரே ஒரு கை."

கோபமாகக் கேட்கவில்லை. தெருமுனையில் பேசியவன் குரலே இல்லை அது. பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

இது உங்கள் கேசில் எங்கேயும் இருக்காது, பார்த்த சாட்சி கிடையாது. பச்சையப்பனை விட்டுவிடுங்கள், என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். எழுதினாலும் என்மேல் கை வைக்க உங்கள் டிப்பார்ட்மெண்டில் ஆள் இல்லை, பொங்கலுக்கு நான் வீட்டில் இருப்பேன். அது உங்களுக்கும் தெரியும். ஆனால் நான் ஈவு இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் குனிந்தேன். கையை நீட்டியும் விட்டேன். எட்டுகிற தூரம்தான், அவன் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள்கூடத் தெரிந்தது. பிணத்தைக் குளிப்பாட்டிய கை. வேர் அறுந்துகொண்டிருந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

காலையில்தான் குளித்துவிட்டு வந்திருந்தேன், ஐயா.