இடது பக்கத்துப் படங்கள்

ஸ்கேன் அறையில் ஜெல்லை வெந்நீரில் வைத்துச் சூடாக்கித்தான் தடவுவேன். சில்லென்று பட்டால் வருகிறவர்கள் உடம்பைக் குறுக்கிக்கொள்வார்கள். அந்த அக்கறைகூட இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது என் கட்சி. என்னைப் பற்றி அங்கே விசாரித்திருப்பீர்கள். யாராவது ஒரு குறை சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள், மேடம்.

மார்பில் சிலிக்கான் பை வைத்துக்கொண்ட பெண்களை வருடத்துக்கு ஒருமுறை வரச் சொல்வோம். பை கிழிந்திருக்கிறதா, கசிகிறதா, சுற்றிலும் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. டாக்டர் அடுத்த அறையில் இருப்பார். நான் எடுத்துச் சேமிக்கும் படங்களைப் பார்த்துத்தான் முடிவு எழுதுவார். நான் எடுக்காததை அவர் பார்க்க வழியில்லை.

என் அண்ணியும் அப்படி வருகிறவர்தான். இடது மார்பில் புற்றுநோய் வந்து அதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று இரண்டிலும் பை வைத்திருந்தார்கள். என்னைத் தவிர யாரிடமும் சட்டையைக் கழற்ற மாட்டார். "நான் கிழவியாகி எல்லாம் தொங்கிப் போனாலும் இது ரெண்டும் மட்டும் கெத்தா நிக்கும் பாரு" என்பார். படுத்துக்கொண்டே, "அப்படியே உங்க அண்ணன் மண்டையையும் ஒரு தடவை ஸ்கேன் பண்ணு, உள்ள ஏதாச்சும் இருக்கான்னு பாக்கலாம்" என்பார். நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அண்ணியை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நோய் வந்தபோது அவர் மகள் சிட்டு தவழ்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் தங்குவது அபூர்வம். குழந்தையை என்னிடம் விட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை, கணவரும் விட்டுப் போயாயிற்று. என் வீட்டில்தான் சிட்டு நடக்கப் பழகினாள். என் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். அம்மா என்று அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். நான் திருத்தினேன். உடனே அல்ல, கொஞ்ச நாள் கழித்து.

அண்ணி தேறியதும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். "நீ இல்லேன்னா என் பொண்ணு என்ன ஆயிருப்பாளோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சிட்டு தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆனால் அடுத்த வாரம் நான் போனபோது அம்மா மடியை விட்டு இறங்கவே இல்லை. யாரோ விருந்தாளி வந்ததுபோல் என்னைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பெற்றவளுக்குத்தானே பிள்ளை.

சில வருடங்கள் கழித்து ஒரு பரிசோதனையில், இடது பையின் ஓரத்தில், விலா எலும்பை ஒட்டிக் கறுப்பாக ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தது. அது என்னவென்று எங்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். படுத்திருப்பவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, எங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. மத்தியானம் சாப்பிடல."

கருவியை வலது பக்கத்துக்கு நகர்த்தினேன். அங்கே எல்லாம் சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கத்தையே மறுபடி எடுத்து, இடது என்று குறித்துச் சேமித்தேன். ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதினார். அண்ணி சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். அவரைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மறுபடி ஆபரேஷன், மருந்து, முடி கொட்டுவது என்று எத்தனையைத்தான் ஒரு மனுஷி தாங்குவாள். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த தடவை கட்டி வளர்ந்திருந்தது. மறுபடியும் வலது பக்கத்தையே எடுத்தேன். அந்த வாரம் சிட்டு முன்பு படுத்திருந்த அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். சும்மா கிடந்த அறைதானே.

பிறகு அண்ணிக்கு முதுகுவலி வந்தது. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னபோது அண்ணி கேட்கவில்லை. "இவதான் இப்போ பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாளே. இது வெறும் பிடிப்பு" என்றார். ஒத்தடம் கொடுங்கள் என்று நானும் சொன்னேன். நோய் எலும்புக்குள் இறங்கிய பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அதன்பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை.

ஒரு இடத்தில் கோட்டை விட்டேன். சிலிக்கான் பையில் விழும் மடிப்பு ஒவ்வொரு பைக்கும் வேறாக இருக்கும். அண்ணியின் வலது பையில் வளைந்த மடிப்பு ஒன்று உண்டு. பழைய படங்களை எடுத்துப் பார்த்த டாக்டர், இரண்டு பக்கமும் ஒரே மடிப்பு எப்படி வரும் என்று கேட்டார். அவர்தான் போலீசில் புகார் கொடுத்தார். அதனால்தான் இங்கே உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம். கட்டியைப் பார்த்தேன், தெரிந்தே மறைத்தேன், இரண்டு தடவையும். முதலிலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் தெரியும். ஆனால் அண்ணி சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, மேடம்.

எல்லாம் முடிந்ததும் அண்ணனே சிட்டுவைத் துணிப்பையோடு கொண்டுவந்து விட்டான். "உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்" என்றான். இங்கே இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலில் தனியாக நிற்பாள். தாயில்லாத பிள்ளை, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?