அடுப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்றவன்

— கையை எடுங்கண்ணே, சட்டை கிழிஞ்சிடும்.

— கிழியட்டும். ஓடப் பாத்தேல்ல? லிஃப்ட்டு வரைக்கும் போயிட்ட. என் பொண்டாட்டி உள்ள ஆபரேஷனுக்குப் பச்சை அங்கி மாட்டிக்கிட்டு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கா, நீ வார்டு வாசல் வரைக்கும் வந்துட்டு நைசா நழுவுற.

— கண்ணாடி வழியா அக்காவைப் பாத்தேன். ரொம்ப மெலிஞ்சிட்டாங்க. என்னால உள்ள வர முடியலண்ணே.

— ஏன் முடியல? பேக்கரியில உனக்கு என்ன பேரு? பிரசங்கியார்! மாவு பிசையறவனை விட்டியா, பெட்டி கட்டறவனை விட்டியா? தும்மினவனுக்கும் ஜெபம், இருமினவனுக்கும் ஜெபம். வாய் ஓயாம இயேசு இயேசுன்னு சொன்ன ஆளு, இப்ப ஒருத்தி தானா கூப்பிட்டு அனுப்பினா கால் பின்னுதா?

— அந்த ஆள் செத்துட்டான்னு வெச்சுக்கங்க. தீப்பிடிச்சதுலேருந்து நான் சபைக்கே போறதில்ல. கண்ணை மூடினா உங்க மூஞ்சிதான் வருது.

— என் மூஞ்சி வருதா? ரொம்ப சந்தோஷம். எனக்கு உன் வாய் வருது. "நீங்க டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, அடுப்பை நான் பாத்துக்கறேன்"னு சொன்ன வாய். நான் திரும்பி வர்றதுக்குள்ள தட்டுல விரிச்ச காகிதம் பத்திக்கிட்டு கூரை வரைக்கும் எரியுது. நீ எங்க? பின்வாசல்ல, மாவு லாரி டிரைவர் தோள்ல கையைப் போட்டு அவன் ஆத்துமாவைக் காப்பாத்திக்கிட்டு இருக்க!

— தப்புதாண்ணே.

— இப்ப சொல்லு. முதலாளி கேட்டப்ப என்ன சொன்ன?

— "அண்ணன் என்கிட்ட ஒண்ணும் சொல்லிட்டுப் போகல"ன்னேன்.

— கணீர்னு சொன்ன. காலமெல்லாம் அந்த அடுப்படியில வெந்தவனை அன்னிக்கே வெளிய தள்ளினாங்க. இப்ப ஒரு ஓட்டல்ல எச்சித் தட்டு கழுவறேன். பேக்கரி வாசல் பக்கமே தலைவெச்சுப் படுக்கக்கூடாதுன்னு இருந்தவன், இவ கெஞ்சினாளேன்னு நேத்து உன்னைத் தேடி அங்க வந்து நின்னேன். கேட்டுல நிக்கறவன் கேக்கறான், "நீதானே அந்தத் தீ வெச்ச ஆளு?"ன்னு. அதைக்கூட விட்டுத் தள்ளு. எங்க வீட்டுக்கு வந்து, என் பொண்டாட்டி நேருக்கு நேரா கேட்டப்பவும் அதையே சொன்னியே, அதுக்குத்தான்யா உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

— பயந்துட்டேண்ணே. இத்தனை பேருக்குப் புத்தி சொல்லிட்டு நானே இப்படின்னா ஊரே சிரிக்கும். கர்த்தர் பேரு கெட்டுடும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

— அவர் பேரைக் காப்பாத்த என் பேரைக் கெடுத்தியா? நல்லா இருக்குய்யா உன் நியாயம்! "ஜெபம் பண்ற வாய் பொய் சொல்லுமா? நீங்கதான் விட்டுட்டுப் போயிட்டு அந்தத் தம்பி மேல பழி போடறீங்க"ன்னா அவ. கட்டின புருஷன் நான், தலையில அடிச்சு சத்தியம் பண்ணினேன். நம்பல. இன்னிக்கு வரைக்கும் நம்பல. சோறு போடுவா, மருந்து வாங்கிட்டு வந்தா வாங்கிப்பா. என்னைப் பாக்கற பார்வையில மட்டும் ஒரு அலட்சியம். அதைத் தின்னுதான்யா நான் உயிர் வாழறேன்.

— உள்ள போனதும் அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்.

— ஒரு வெங்காயமும் சொல்ல வேணாம்! பிரஷர் ஏறினா கத்தியே வைக்க மாட்டேன்னுட்டார் டாக்டர். ஏற்கெனவே பயந்துபோய் இருக்கா. "அந்தத் தம்பி வந்து ஜெபம் பண்ணினாதான் போவேன்"னு ஒத்தைக் கால்ல நிக்கறா. இத்தனை நாள் பொய்யனா இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா தேஞ்சா போயிடுவேன்? உள்ள போ, கண்ணை மூடு, நாலு வார்த்தை சொல்லு, நடையைக் கட்டு.

— பொய்யை வாயில வெச்சுக்கிட்டு எப்படிண்ணே ஜெபம் பண்றது?

— ஏன், அன்னிக்கு எங்க வீட்டுல பண்ணினியே! பொய்யையும் சொல்லிட்டு, அவ குடுத்த காப்பியையும் குடிச்சிட்டு, "குடும்பத்துக்காக ஜெபிப்போம்"னு கண்ணை மூடினியே. அன்னிக்கு மட்டும் வாய் இனிச்சுதா? நட!

— ஏங்க... வாசல்ல யாருகூட சண்டை போடறீங்க? இது ஆஸ்பத்திரி.

— சண்டை இல்லம்மா. உன் பிரசங்கியார் வந்திருக்கார். உள்ள போய்யா.

— வாங்க தம்பி. வர மாட்டீங்களோன்னு நெனச்சேன். இவர் ஏதாவது சொன்னாரா? மனசுல வெச்சுக்காதீங்க. அந்தத் தீ விவகாரத்துலேருந்து உங்க பேரை எடுத்தாலே இவருக்கு ஆகாது.

— கேட்டுக்கய்யா, நல்லா காது குளிரக் கேட்டுக்க.

— நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. தம்பி, நேரமில்ல. இப்ப தள்ளுவண்டியைக் கொண்டாந்துடுவாங்க. பக்கத்துல வந்து ஜெபம் பண்ணுங்க.

— அக்கா... அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்.

— டேய்! வேணாம்!

— மன்னிச்சிடுங்கண்ணே. அக்கா, அடுப்பைப் பாத்துக்கறேன்னு சொன்னது நான்தான். விட்டுட்டுப் போனதும் நான்தான். அண்ணன் உங்ககிட்ட சொன்னது ஒவ்வொண்ணும் நெசம். முதலாளிகிட்ட நான் சொன்னது பொய். உங்க வீட்டுல உக்காந்து சொன்னதும் பொய்.

— என்ன சொல்றீங்க தம்பி?

— பாவி, கெடுத்தியே! படும்மா, படு. ஒண்ணும் இல்ல. மூச்சை மெதுவா இழுத்து விடு.

— என்னைப் பிடிக்காதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். ஏய், என் மூஞ்சியைப் பாரு. இவர் சத்தியம் பண்ணினப்ப நான் சிரிச்சேன், தெரியுமா உனக்கு? எங்க பொண்ணு கல்யாணத்துல, சொந்தக்காரங்க முன்னாடி, "வேலையைத் தொலைச்சதும் இல்லாம நல்லவன் மேல பழி போடறார்"னு வாய் கூசாம சொன்னேன். இவர் சாப்பிடாம எந்திரிச்சுப் போனார். பெத்த பொண்ணு கல்யாணத்துல! புருஷனைப் பொய்யனாக்குன்னு உன் வேதத்துல எங்க எழுதியிருக்கு?

— எங்கயும் இல்லக்கா.

— அப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என் கட்டில் பக்கத்துல வந்து நிக்கற?

— மூஞ்சியே இல்லக்கா. அதான் ஓடப் பாத்தேன். இங்கேருந்து நேரா முதலாளிகிட்டதான் போறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது, தெரியும். தெரிஞ்சேதான் சொல்றேன். பொய் சொன்னது நான், இயேசு இல்ல. என்னை நம்பினதுதான் நீங்க ஏமாந்தது. அவரை நம்பினது இல்ல. இத்தனை நாள் நான் அவர் பக்கமே திரும்பல, அவர் என்னை விட்டபாடில்ல. என்னால நீங்க அவரை விட்டுடாதீங்க.

— முடிஞ்சுதா பிரசங்கம்?

— முடிஞ்சுதுண்ணே. வர்றேன்.

— ஏங்க...

— நீ பேசாதம்மா. நர்ஸைக் கூப்பிடறேன், பிரஷர் பாக்கட்டும்.

— யாரும் வேணாம். கையைக் குடுங்க. இப்படி உக்காருங்க. நீங்க பண்ணுங்க.

— என்னத்தை?

— ஜெபம்.

— நானா? வெளையாடறியா? அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாதே! எனக்கு என்ன தெரியும்? ரொட்டி சுடத் தெரியும், தட்டு கழுவத் தெரியும்.

— பழக்கப்பட்டவங்க பேசின லட்சணத்தைத்தான் பாத்துட்டோமே. உங்க வாயால கேக்கணும் எனக்கு. நீங்க சொன்னது எதையும் நான் நம்பல இல்ல? இப்ப நீங்க சொல்றதை நம்பித்தான் உள்ள போகப்போறேன்.

— அழாதடி. அழுதா உள்ள விட மாட்டாங்க. அடடா, வண்டிச் சத்தம் வேற கேக்குது. யோவ் பிரசங்கி! உன்னை யாருய்யா போகச் சொன்னது? இங்க வா. வந்து, மொத வார்த்தை என்னன்னு சொல்லித் தொல.