சுத்தமான கோடு

மின்சாரம் போனால் திட்டுகிற ஆள் நான் இல்லை, ஐயா. இபாதானில் பிறந்தவன் அதற்கெல்லாம் திட்ட ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது. தவிர, மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறவனுக்கு மின்வெட்டு ஒரு வரம். சுவருக்குள் ஓடும் மின்சாரம் பதிவில் இரைச்சலாக வந்து விழும். அது போனால்தான் கோடு சுத்தமாக வரும்.

மூளையைக் கணக்கால் படிக்கும் அந்த வகுப்பை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். நிரல்களும் இலவசம், தரவுகளும் இலவசம். எல்லாம் திறந்திருக்க வேண்டும், யாரும் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதல் பாடம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ஒருநாள் வலிப்பு நோயாளிகளின் பதிவுகளைத் திறந்து பார்த்தோம். ஒன்றுகூட நம் ஊர்ப் பக்கத்துத் தலை இல்லை. அக்ராவிலிருந்து படித்த யாவ் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்னப்பா, நம்ம கண்டத்துல யாருக்கும் தலையே கிடையாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. வலிப்புள்ள தலை ஒன்று என் வீட்டிலேயே இருந்ததே.

என் தங்கை மொரேனிக்கே. மாத்திரை சாப்பிடத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு வலிப்பு வரவேயில்லை. மருத்துவருக்கு அது சந்தோஷம். எனக்கு அதில் பதிவு செய்ய என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

கருவியை நானே செய்தேன். வரைபடம் இணையத்தில் கிடைத்தது, அதுவும் திறந்ததுதான். ஆனால் இறுக்கிப் பின்னிய தலையில் கம்பி ஒட்டாது. தோழியின் கல்யாணத்துக்காக நாள் முழுக்க உட்கார்ந்து பின்னிக்கொண்ட சடைகளை அவிழ்க்கச் சொன்னேன். உன் கம்பிக்கு இருக்கிற மரியாதை என் தலைக்கு இல்லையா என்று நொடித்தாள். பிறகு அவளே கண்ணாடி முன் உட்கார்ந்து அவிழ்த்தாள். "நீ பெரியாளானா என்னை மறந்துடாதண்ணே" என்றாள்.

அவள் சம்மதித்தாள் என்பதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பதிவுக்குச் சம்மதித்தாள். புட்டியிலிருந்த வலிப்பு மாத்திரையை எடுத்துவிட்டுச் சத்து மாத்திரை போட்டு வைத்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள், பயம் பதிவைக் கெடுக்கும்.

மின்சாரம் போகும்போதெல்லாம் அவளை உட்கார வைத்தேன். கைபேசியும் இரைச்சல் தரும் என்று அணைத்து வெளியே வைத்துவிடுவேன். ஒரு மதியம் அவள் முகம் மாறியது.

"அண்ணே, என்னமோ பண்ணுது. கையப் பிடிச்சுக்கோ."

தொட்டால் கோடு ஆடும். பாவம், அது அவளுக்குத் தெரியாது. வலிப்பு நான் நினைத்ததைவிட நீண்டுகொண்டே போயிற்று. நான் அழுதேன், ஐயா. கல்நெஞ்சக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். கருவியிலிருந்து தள்ளி நின்றுதான் அழுதேன்.

பதிவை முழுதாக வலையில் ஏற்றினேன். எதையும் வெட்டவில்லை, ஒளிக்கவில்லை. அவள் பெயரை மட்டும் போடவில்லை. ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பது எங்கள் வழக்கம். யாவ் மனதாரப் பாராட்டி எழுதினான். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டிருந்தான்: கடைசிப் பகுதியில் கோடு அசையாமல் நேராகப் போகிறதே, கம்பி கழன்றுவிட்டதா?

உடனே பதில் போட்டேன். இல்லை, கம்பியெல்லாம் கடைசிவரை நன்றாக ஒட்டியிருந்தது.