லேக்கு ரெண்டு டிக்கெட்டு

1998, ஆனி மாதம். திருக்காட்டுப்பள்ளியை ஒட்டிய ஒரு கிராமத்தில் டிராக்டர் கொட்டகை. மிராசுதார் தியாகராசன் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இருபத்தேழு வருடமாக டிரைவராக இருக்கும் கண்ணுசாமி வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிறார்.

தியாகராசன்: ...அப்ப லடாக்குல ஒன்னோட லேக்குப் போக டெல்லியிலேர்ந்து பிளேன் வேணாங்கற?

கண்ணுசாமி: வேணாங்க. ஒரு மணி நேரத்துல கொண்டுபோய் எறக்கிருவான். ஒடம்பு தாங்காது. ரோட்டுல மெள்ள மெள்ள ஏறுனாத்தான் மூச்சு பழகும். பட்டாளத்துல லாரி ஓட்டுனப்ப நாங்க ஸ்ரீநகர் வழியா போவோம். இப்ப மணாலியிலேர்ந்தும் ரோடு இருக்காம்.

தியாகராசன்: எத்தன நாளு?

கண்ணுசாமி: ரெண்டு நாளு. போய்ச் சேந்ததும் இன்னும் ரெண்டு நாளு படுத்தே கெடக்கணும். மாடிப்படி கூட ஏறப்படாது.

தியாகராசன்: படுத்துக் கெடக்கவா அவ்வளவு தூரம்...

கண்ணுசாமி: சிரிக்காதீங்க. என்னோட வந்தவன் ஒருத்தன், திருவையாத்துக்காரன், மொத நாளே மலையில ஓடிக் காட்டுறேன்னான். தூக்கிட்டுத்தான் வந்தோம். பதினாலாம் நம்பர் ஸ்பேனர் குடுங்க.

தியாகராசன்: இதுவா?

கண்ணுசாமி: அது பன்னெண்டுங்க.

தியாகராசன்: இந்தா. எப்ப கெளம்பலாம்?

கண்ணுசாமி: குறுவை நடவ முடிச்சுட்டு ஆவணியில போவம். பொரட்டாசி தாண்டுனா பனி வந்து ரோட்ட மூடிரும்.

தியாகராசன்: அந்த அரமனைய இன்னொரு தரம் சொல்லு. அத எத்தன தடவ கேட்டாலும்...

கண்ணுசாமி: ஒம்பது மாடிங்க. மண்ணும் மரமுந்தான். மலையே எந்திரிச்சு வீடா நிக்கிற மாதிரி இருக்கும். கீழ கடைத்தெரு. அந்தக் காலத்துல ஒட்டகத்துல சரக்கு வந்து எறங்குன தெருவாம். சாயங்காலம் வெயிலு அந்தச் செவுத்துல விழும் பாருங்க... நான் லாரிய ஓரங்கட்டிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன். சுபேதாரு திட்டுவாரு.

தியாகராசன்: வெவசாயம் உண்டா அங்க?

கண்ணுசாமி: உண்டுங்க. மழைதான் கெடயாது. பனி உருகித்தான் வாய்க்காத் தண்ணி. ஒவ்வொருத்தர் வயலுக்கும் மொற வச்சுப் பாய்ச்சுவாங்க. நம்ம ஊரு மாதிரியேதான். மொத தடவ அந்த வாய்க்காங்கரையில நின்னு அழுதுட்டேங்க.

தியாகராசன்: நீயா?

கண்ணுசாமி: இருவது வயசுங்க அப்ப.

தியாகராசன்: ம்... தங்குறதுக்கு?

கண்ணுசாமி: அங்க ஒரு வீடு இருந்துச்சு. ஒருநா பனியில லாரி நின்னு போச்சு. அந்த வீட்டுப் பெரியவரு உள்ள வான்னாரு. நான் வாசல்லயே நின்னேன். பழக்கம். கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி அடுப்புக்குப் பக்கத்துல உக்கார வச்சாரு. அங்க அதுதான் மரியாதப்பட்டவங்க உக்கார்ற எடமாம். அவங்க குடிக்கிற கிண்ணத்துலயே டீ ஊத்துனாங்க. உப்பும் வெண்ணெயும் போட்ட டீ.

தியாகராசன்: எங்க வீட்டுல...

கண்ணுசாமி: ஒங்க வீட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க.

தியாகராசன்: சரி... அந்த வீட்டுல பொண்ணு ஏதும் இருந்துச்சா?

கண்ணுசாமி: அந்தத் துணிய எடுங்க. கையெல்லாம் ஆயிலு.

தியாகராசன்: கேட்டதுக்குப் பதிலக் காணோமே.

கண்ணுசாமி: தோல்மான்னு பேருங்க.

தியாகராசன்: அட. இருபத்தேழு வருசமா இத எங்கிட்ட சொன்னதே இல்ல நீ.

கண்ணுசாமி: நீங்க கேட்டதில்லயே.

தியாகராசன்: அவ்வளவு புடிச்ச ஊர விட்டுட்டு எதுக்குப்பா வந்த? அங்கயே டிரைவரா இருந்திருக்கலாம்.

கண்ணுசாமி: இருக்கச் சொல்லித்தான் கேட்டாங்க. அம்மா கடுதாசி போட்டுச்சு. வந்துட்டேன்.

தியாகராசன்: ம்... அப்ப இந்தத் தடவ நான் கூட்டிட்டுப் போறேன். செலவெல்லாம் என்னது. புதன்கிழம மட்டும் தஞ்சாவூர் வரைக்கும் எங்கூட வா. ஒரு கையெழுத்துப் போடணும்.

கண்ணுசாமி: ரயில் டிக்கெட்டுக்குக் கையெழுத்து எதுக்குங்க?

தியாகராசன்: டிக்கெட்டுக்கு இல்ல... அப்படியே ரிஜிஸ்தர் ஆபீசுலயும் ஒரு வேல.

கண்ணுசாமி: எனக்கு அங்க என்னங்க வேல?

தியாகராசன்: அது... மொதல்ல வெளிய வா. அடியில கெடக்கறவன்கிட்ட எப்படிச் சொல்றது?

கண்ணுசாமி: நட்டு முறுக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க, கேக்குது.

தியாகராசன்: எழுபதுல நெல உச்சவரம்பக் கொறச்சான்ல, பதினஞ்சு ஏக்கர்னு. அப்ப எங்கப்பா கெழக்கு வாய்க்காப் பக்கம் ஒரு வேலி நெலத்த, ஆறரை ஏக்கருக்கு மேல வரும், ஒம்பேருல எழுதி வச்சாரு. பினாமியாத்தான். வெவசாயக் கூலிச் சங்கத்துக்காரங்க ஊரெல்லாம் செங்கொடி நட்டிருந்த நேரம். உள்ளூர்ல இருக்கவன் பேருல எழுதுனா, நாளைக்கே வந்து என்னதும்பான்னு அவருக்குப் பயம். நீதான் பட்டாளத்துல, கண்காணாத எடத்துல இருந்த.

கண்ணுசாமி: நான் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சிருக்காரு.

தியாகராசன்: அப்படியில்ல... இப்ப எம்பையன் அதுல ரைஸ்மில்லு கட்டணுங்கறான். பட்டா இன்னமும் ஒம்பேருல கெடக்கு. நீ ஒரு கையெழுத்துப் போட்டீன்னா...

கண்ணுசாமி: அதுக்குத்தானா லே?

தியாகராசன்: இல்லப்பா. லே போகணுங்கறது சத்தியமா நெசம். நீ சொல்லிச் சொல்லி, சாகறதுக்குள்ள அந்த ஊர ஒன்னோட பாத்துரணும்னு ஆச.

கண்ணுசாமி: ஆச நெசமாவே இருக்கட்டுங்க. ரெண்டையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வந்திருக்கீங்களே.

தியாகராசன்: வெளிய வந்துட்டியா... உக்காரு. கோவமா?

கண்ணுசாமி: புதன்கிழம நான் வரலீங்க. கையெழுத்துப் போட மாட்டேன். இந்தக் குறுவைக்கு எம்பொண்ணு செவ்வந்தியும் மாப்ளயும் அந்த நெலத்துல எறங்கட்டும். லேக்கு ஒரு டிக்கெட்டு போதும். அத நானே எடுத்துக்கறேன்.

தியாகராசன்: என்னப்பா இது... நெலம் ஒம்பேருல இருக்குன்னே இப்பத்தான் ஒனக்குத் தெரியும். தெரிஞ்சு பத்து நிமிசம் ஆகல, அதுக்குள்ள ஒன்னதுங்கற.

கண்ணுசாமி: லேயில இருக்கப்பவே தெரியுமுங்க. ஜமாபந்தியில நெலக் கணக்குப் பாக்கறப்ப "கண்ணுசாமி, ஒரு வேலி"ன்னு வாசிச்சத தலையாரி கேட்டுட்டு வந்து எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அம்மா ஆள வச்சு எழுதிப் போட்டுச்சே கடுதாசி, அதுல இருந்த சேதியே அதுதான். பெரிய மனசு பண்ணி குடுத்திருக்காங்கன்னு நெனச்சுட்டோம், அம்மாவும் நானும். தோல்மாவோட அப்பா, பொண்ணத் தர்றேன், இங்கயே இருந்துருன்னாரு. ஊர்ல எனக்குச் சொந்தமா நெலம் இருக்குன்னு பெருமையா சொல்லிட்டு எறங்கி வந்தேனுங்க. வந்து நேரா அந்த நெலத்தப் பாக்கத்தான் போனேன். நடவு நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒங்கப்பா, பெரியய்யா, வரப்புல நின்னாரு. எப்படா வந்த, நாத்துக்கட்டு தூக்க ஆளு கொறயுது, எறங்குன்னாரு... எறங்குனேன்.