செருப்பைக் கழற்றாமல் ஏறவும்

இரவு பதினொன்றே முக்கால். நெய்க்காரப்பட்டியிலிருந்து மலையடிவாரம் பார்த்துப் போகிற மண்பாதை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு... தெருவிளக்கு என்ற பேச்சே இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அந்தப் பாதையில் ஒரே ஓர் ஆள், புரோட்டா தின்றுவிட்டு, ஊரையே திட்டிக்கொண்டு நடந்து வருகிறார்.

அவர் நம் ஆனந்த்ராஜின் தாய்மாமா, பொம்மையன். சந்தேகம் இருந்தால் அவனையே கேளுங்கள், இதோ போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறான். பொம்மையன் திண்டுக்கல்லில் வயர்மேன். 2004-ல் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்குப் போகிற ஒரு கேரவனோடு சுற்றிக்கொண்டிருந்தார். சக்கரம் வைத்த வீடு அது. உள்ளே கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ஏசி. வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே கரண்ட் இழுத்துக் கொடுப்பது இவர் பொறுப்பு.

அந்தப் பாதையோரத் தோப்பில் வண்டியை நிறுத்தி, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார். அங்கேதான் தொல்லை. போர்டில் எர்த் இல்லை. எர்த் இருந்தால், எங்காவது கசிகிற கரண்ட் பேசாமல் மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் அது வண்டியின் தகரத்திலேயே காத்துக்கொண்டு நிற்கும். ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொட்டால்... முடிந்தது கதை.

தோட்டக்காரர் சின்னக்கண்ணுவிடம் கேட்டார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னாராம், இரண்டு வருடம் முன்னால் தன் மனைவி கௌசல்யா அதே ரூமில்தான் கரண்ட் அடித்துப் போய்விட்டாள் என்று. உள்ளே சாமி படம் இருக்கிறது, செருப்பை வாசலில் விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்தப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகும் அந்த மனிதர் எர்த் போடவில்லை. ஒரு சாவு போதாதா இவர்களுக்கு?

வண்டியில் இருந்த எர்த் கம்பியை எடுத்து மண்ணில் அடித்துப் பார்த்தார். முழுக்க ஓடைக்கல். ஒரு சாண்கூட இறங்கவில்லை. ஒரு நாள் கொடுத்தால் குழி தோண்டிப் போடுகிறேன் என்று மேனேஜர் மோகன்குமாரிடம் கெஞ்சினார். மூன்று நாள் ஷூட்டிங்குக்குக் குழி எதற்கு என்று அவன் செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். முடியாது என்று கேபிளைச் சுருட்டியிருக்க வேண்டும். சுருட்டவில்லை. அந்தக் கோபம் அவருக்கு அவர் மேலேயே இருந்தது.

அதனால் ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் படிக்குப் பக்கத்தில் கட்டினார்: செருப்பைக் கழற்றாமல் ஏறவும். ரப்பர் செருப்பு காலில் இருந்தால் ஓரளவுக்காவது தப்பிக்கலாம்.

யார் கேட்டார்கள்? நம் ஆட்களைத்தான் தெரியுமே. வீடு மாதிரி ஒன்றைக் கண்டால் காலே தானாகச் செருப்பை உதறிவிடும். அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கழற்றினார்கள். மேக்கப் உதவிக்கு வந்த ஜெஸ்ஸி, இருபது வயசுப் பெண், ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏறி இறங்குவாள். நாற்பது தடவையும் கழற்றுவாள். லேசாகச் சுர்ரென்கிறது அண்ணே, அவ்வளவுதான் என்பாள். யாராவது போய்ச் சேர்ந்தால் அது இந்தப் பெண்ணாகத்தான் இருக்கும் என்று அவர் அப்போதே நினைத்தார்.

சரி... அந்த ராத்திரிக்கு வருவோம். எல்லோரும் பழனியில் லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். வண்டிக் காவலுக்கு இவர் மட்டும். புரோட்டா தின்றுவிட்டு வந்தவர், மோட்டார் ரூமில் பிளக்கைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்குள் படுத்தார்.

கண் அசந்திருக்கும்...

சளக்... சளக்... சளக்...

ஈர மண்ணில் ரப்பர் செருப்பு. மோட்டார் ரூம் பக்கமிருந்து நிதானமாக வருகிறது. படிக்குக் கீழே வந்து நின்றது. கூடவே ஒரு வாடை. வயர் பொசுங்கினால் வருமே, அது.

டப்... டப்...

செருப்பைக் கழற்றுகிற சத்தம்.

யாராக இருந்தாலும் பயந்திருக்க வேண்டும். இவருக்கு வந்தது கோபம். இரண்டு நாள் ஆத்திரமும் சேர்ந்து, படுத்தபடியே கத்தினார். "எம்புட்டு தடவதான் சொல்றது? செருப்பப் போட்டுக்கிட்டு ஏறுங்க."

வெளியே சத்தமில்லை. பிறகு... செருப்பை மாட்டுகிற சத்தம். ஒரு கால். இன்னொரு கால்.

அவர் பேச்சைக் கேட்ட முதல் ஆள்.

யாரும் ஏறவில்லை. வண்டி அசையவே இல்லை. சளக், சளக் என்று வந்த வழியே போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். ஈர மண், தென்னை, அவ்வளவுதான். விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார்.

காலை ஐந்து மணி. இன்னும் இருட்டு. மேக்கப்புக்கு விளக்கு வேண்டுமே, மோட்டார் ரூமுக்குப் போய் பிளக்கைச் சொருகினார். சொருகிவிட்டு வந்து கைப்பிடியில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வெளியே வருகிறார்... ஜெஸ்ஸி அதற்குள் வந்து படியருகே நிற்கிறாள். தேங்கிய தண்ணீரில் நிற்கிறாள். கை, கைப்பிடியில்.

கத்தக்கூட நேரமில்லை. திரும்பி ஓடிப் பிளக்கைப் பிடுங்கினார். பிணத்தைத்தான் தூக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தார். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"கால எடுக்க முடியலண்ணே... யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அவளை இழுத்துத் தள்ளி நிறுத்தினார். மறுபடி பிளக்கைச் சொருகி, டெஸ்ட் பல்பின் ஒரு வயரைக் கைப்பிடியிலும் மற்றதை ஈர மண்ணிலும் வைத்தார். பல்பு பளீரென்று எரிந்தது. ராத்திரி மழையில் கேபிள் ஊறியிருக்கிறது.

வந்த ஆத்திரத்தில், இன்றைக்காவது செருப்பைக் கழற்றாமல் இருந்தாயே, புண்ணியவதி என்று திட்டினார். ஜெஸ்ஸி அழுதுகொண்டே படிக்குக் கீழே கையைக் காட்டினாள்.

"நான் கழட்டிட்டேண்ணே."

அவள் செருப்பு அங்கே ஜோடியாகக் கிடந்தது. பொம்மையன் டார்ச்சை அவள் காலுக்குத் திருப்பினார். காலில் வேறு செருப்பு இருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பு, நீல வார். அறுந்த வாரை ஓர் ஊக்கு குத்திச் சேர்த்திருந்தார்கள்.

சத்தம் கேட்டுச் சின்னக்கண்ணு வந்தார். அந்தக் காலைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஊக்கு நாங் குத்துனதுங்க" என்றார். கையை நீட்டி அந்த வாரைத் தொட்டுவிட்டுச் சொன்னார்.

"அவகூடவே குழில போட்டு மூடுனதுங்க, அந்தச் செருப்பு."