கள்ளுக்கடைக்குப் போன புகை

பிள்ளைகளே, மலேசியாவில் ஈப்போவிலிருந்து லகாட் போகும் பேருந்தில் ஒரு நாள், "எங்க தோட்டத்துக் கள்ளுல டீசல் வாசம் அடிச்சிச்சுலா, அக்கா!" என்று முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அக்கா திகைத்துப் போனார்.

"கள்ளுல எப்படி டீசல்?"

"லயத்து வீடுங்களுக்கு லைட்டு குடுக்கிற டீசல் இஞ்சின் எங்க வீட்டுக்குப் பின்னால இருந்திச்சு. புகையில புள்ள இருமிக்கிட்டே கெடந்துச்சு. தள்ளி வைங்கன்னு மானேஜர் ஆபீஸ்ல கெஞ்சினேன். 'ஒனக்கு லைட்டு வேணுமா, வேணாமா'ன்னு கேட்டாங்க."

"ஆம்பளைங்க ஒண்ணும் சொல்லலையா?"

"வாயே தொறக்கல. போன வாரம் புகைக்குழாய் கள்ளுக்கடை பக்கமா திரும்பிருச்சு. மறுநாளே ஆம்பளைங்க எல்லாரும் மானேஜர் ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க!"

"அப்புறம்?"

"இஞ்சின ஆளில்லாத மேட்டுக்குக் கொண்டு போய்ட்டாங்க. லைட்டும் எரியுது, புள்ளையும் தூங்குது."

"அது சரி, குழாய யாரு திருப்பினது?"

"காத்துலா, அக்கா. பலமா அடிச்சிச்சு."

அக்கா அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே சூடு பட்ட புண் ஆறிக்கொண்டிருந்தது.

"காத்து அடிச்சா கை சுடுமா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் பேருந்தே திரும்பிப் பார்த்தது. குழந்தை மட்டும் விழிக்கவில்லை.